ஸ்டீராய்டு களிம்பும் ஷெட்யூல் எச் விதியும்: வாங்குபவர் அறிந்திருக்க வேண்டியவை

தோல் சிவந்து, தடித்து, விடாமல் அரிக்கும்போது மருத்துவர் எழுதித் தரும் களிம்புகளில் பல ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தவை. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றைச் சில்லறையில் விற்கக் கூடாது என்பது இந்தியாவில் நடப்பிலுள்ள விதி. இருந்தும், "அரிப்புக்கு ஏதாவது ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டவுடன் ஒரு ட்யூப் கைக்கு வந்துவிடுவது இன்றைக்கும் நடக்கிறது. இந்த விதியைக் கடைக்காரருக்குப் போட்ட தடையாக மட்டுமே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்களையும் அவர் கேட்டுப் பெறக்கூடிய சில உரிமைகளையும் அதே சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940ஆம் ஆண்டிலும், அதன் கீழான விதிகள் 1945ஆம் ஆண்டிலும் வந்தன. அந்த விதிகளோடு இணைந்த அட்டவணைகளில் ஒன்றுதான் ஷெட்யூல் எச். அதில் இடம்பெறும் மருந்தைச் சீட்டின் பேரில்தான் விற்கலாம். ஆனால் அந்த அட்டவணையின் அடிக்குறிப்பு, உடலின் மேற்புறத்தில் பூசும் தயாரிப்புகளுக்குப் பொதுவாக விலக்கு அளித்திருந்தது. மாத்திரையாக விழுங்கினால் சீட்டு தேவைப்படும் ஒரு பொருளையே களிம்பாகப் பூசினால் சீட்டு தேவையில்லை என்ற இந்த ஓட்டை வழியாகத்தான் ஸ்டீராய்டு களிம்புகள் பல ஆண்டுகள் தாராளமாகப் புழங்கின. தோல் மருத்துவர்களின் தேசிய அளவிலான சங்கம் இதை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்து, 2017இல் டெல்லி உயர் நீதிமன்றத்தையும் நாடியது. 2018 மார்ச்சில் வெளியான அரசிதழ் அறிவிக்கை ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்த 328 கூட்டு மருந்துகளில், ஸ்டீராய்டுடன் பூஞ்சைக்கொல்லியையும் பாக்டீரியாக்கொல்லியையும் ஒரே ட்யூபில் கலந்த களிம்புகளும் இருந்தன.

இந்தக் கலவைகள் ஏன் ஆபத்தானவை என்பதற்குப் படர்தாமரையே போதுமான உதாரணம். ஸ்டீராய்டு என்பது தோலின் அழற்சியை அடக்கும் மருந்து. பூஞ்சையை அது கொல்வதில்லை. படர்தாமரையின் மேல் அதைப் பூசினால் இரண்டு மூன்று நாளில் அரிப்பும் சிவப்பும் தணிந்துவிடும், நோயாளியும் நோய் போய்விட்டதாக நிம்மதி அடைவார். ஆனால் தோலின் எதிர்ப்பு அடங்கிப்போன இடத்தில் பூஞ்சை தடையின்றிப் பரவும். பூசுவதை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும் அந்தத் திட்டுக்கு, படர்தாமரைக்கே உரிய வட்ட விளிம்புகூட இருக்காது என்பதால் மருத்துவரே அடையாளம் காணத் திணற நேரிடுகிறது.

வீட்டில் இருக்கும் ட்யூபைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேபிளின் இடது மேல் மூலையில் 'ஆர்எக்ஸ்' குறியீடும், சிவப்புக் கட்டத்துக்குள் ஷெட்யூல் எச் எச்சரிக்கையும் இருந்தால் அது சீட்டு மருந்து. பிறகு, பெரிய எழுத்தில் மின்னும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதற்கருகே சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் படியுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன், மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ட்ரையம்சினோலோன் என 'சோன்', 'சால்', 'லோன்' என்ற ஒலியில் முடியும் பெயர்களில் பல ஸ்டீராய்டுகளே. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தை வைத்து மட்டும் வீரியத்தைக் கணக்கிடக் கூடாது. 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் மிக மிதமான மருந்து, 0.05 சதவீத க்ளோபெட்டசால் இருப்பவற்றிலேயே மிகக் கடுமையான பிரிவைச் சேர்ந்தது. எண் சிறியதாக இருப்பதால் மருந்தும் லேசானது என்று நம்பி, குழந்தையின் கன்னத்தில் க்ளோபெட்டசாலைப் பூசுவது எளிதில் நேர்ந்துவிடக்கூடிய தவறு.

சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் விதி 65 வகுத்திருக்கிறது. அது எழுத்தில் இருக்க வேண்டும்; மருத்துவரின் கையொப்பமும் தேதியும், நோயாளியின் பெயரும் முகவரியும், மருந்தின் மொத்த அளவும் பயன்படுத்தும் அளவும் அதில் இடம்பெற வேண்டும். மறுபடியும் தரலாம் என்று மருத்துவரே குறிப்பிட்டிருந்தாலொழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து தரக் கூடாது. ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டி அடுத்தடுத்து ட்யூப் வாங்குவதைத் தடுப்பதற்கான விதி இதுதான். எழுதிய மருந்துக்குப் பதிலாகக் கடைக்காரர் தாமாக வேறொன்றை மாற்றித் தருவதற்கும் விதியில் இடமில்லை. விற்பனை, பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

"வெளியே பூசவும்" என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டு, என் பார்வையில், பாதிச் சீட்டுதான். எந்த இடத்தில், நாளைக்கு எத்தனை முறை, எத்தனை நாள், ஒரு முறைக்கு எவ்வளவு என்ற நான்கையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவைச் சொல்ல மருத்துவர்கள் விரல்நுனிக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். பெரியவரின் ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரே கோடாகப் பிதுக்கிய மருந்து ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு அது போதும். அப்படியானால் 15 கிராம் ட்யூபில் 30 விரல்நுனி அளவு இருக்கிறது. உள்ளங்கை அளவே உள்ள ஒரு திட்டுக்கு அந்த ட்யூப் ஒரு வாரத்தில் தீர்ந்துபோனால் அளவு மிஞ்சுகிறது என்று பொருள். பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். மருத்துவர் சொல்லாமல் அதன்மேல் கட்டுப்போடக் கூடாது. குழந்தையின் டயபர் மூடும் இடத்துக்கும் இது பொருந்தும், ஏனெனில் மூடிய தோல் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

முகம், கண்ணிமை, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. அங்கே வீரியமுள்ள ஸ்டீராய்டை நீண்ட நாள் பூசினால் தோல் மேலும் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும், பருக்கள் வரும், இடுக்குகளில் விழும் வரித்தழும்புகள் மறைவதேயில்லை. கண்ணருகே நெடுநாள் பூசுவது கண்ணழுத்தம், கண்புரை வரை கொண்டுபோய் விடலாம். மங்கு போவதற்கும் முகம் வெளுப்பதற்கும் என்று, ஹைட்ரோகுவினோனையும் ட்ரெட்டினாயினையும் மொமெட்டசோனையும் கலந்த க்ரீமை மாதக்கணக்கில் பூசிக்கொள்பவர்கள் இந்தத் தொல்லைகளோடுதான் கடைசியில் தோல் மருத்துவரிடம் வருகிறார்கள். தோலை வெளுப்பாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று ஷெட்யூல் ஜே என்ற இன்னொரு அட்டவணை தடை விதித்திருப்பது பலருக்கும் தெரியாது. அப்படி நெடுநாள் பூசி வந்தவர்கள் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அதற்குப் பயந்து மறுபடி அதே க்ரீமை எடுக்காமல் மருத்துவரிடம் செல்வதே சரி.

இவ்வளவையும் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிய களிம்பைத் தொடவே அஞ்சுவதும் தவறு. கரப்பான் போன்ற அழற்சிக்கு உரிய வீரியத்தில், உரிய நாள்வரை பூசும் ஸ்டீராய்டு பாதுகாப்பான, பயனுள்ள சிகிச்சை. பயந்து பயந்து கடுகளவு தடவினால் அழற்சி அடங்காது, கடைசியில் மருந்துதான் நீண்ட நாள் தேவைப்படும்.

விதிமீறலைக் கண்டால் புகார் செய்ய வேண்டிய இடம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை; அந்தந்தப் பகுதிக்கான மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். ரசீது இல்லாத புகார் அநேகமாக நிற்காது என்பதால், மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ரசீதை எப்போதும் கேட்டு வாங்குங்கள். வாங்கிய க்ரீமில் சொல்லாத ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அதை அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனைக்கு அனுப்பி, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். பக்கவிளைவு ஏற்பட்டிருந்தால் காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தொகுப்பு ஆணையம் ஒருங்கிணைக்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். அழைக்கும்போது ட்யூப் கையில் இருக்கட்டும். மூலப்பெயர், தொகுதி எண், பூசத் தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி ஆகியவற்றைக் கேட்பார்கள்.