ஹபரணையில் எடை கூடிய மீன்

கோப்புறையைத் திறந்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளே ஏகப்பட்ட கோப்புகள். ஒன்றின் பெயர் 12.50, அடுத்ததன் பெயர் 8.40, இன்னொன்று 21.10. திறந்து பார்த்தால் ஒன்றிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. மீன் பெட்டிகளின் எடைகள் எல்லாம் வெறும் கோப்புகளாக மாறி வரிசையில் நின்றன.

என் மச்சான், அத்தை மகன், திருகோணமலையில் ஒரு மீன் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறான். கரையில் வாங்கிய மீனை நிறுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, இரவு லொறியில் ஏற்றுவார்கள். லொறி கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று போய் விடியுமுன் கொழும்பில் நிற்கும். அங்கே மறுபடி நிறுப்பார்கள். இங்கே நிறுத்ததை இவன் ஒரு கோப்பில் தட்டுகிறான். அங்கே நிறுத்தது மறுநாள் வாட்ஸ்அப்பில் இன்னொரு கோப்பாக வருகிறது. இரண்டிலும் வரிக்கு ஒரு பெட்டி; முதலில் பெட்டி இலக்கம், ஓர் இடைவெளி, பிறகு கிலோவில் எடை. ஒரு கிழமைக்கு நானூறு வரி.

"எந்தப் பெட்டியில எடை குறையுது எண்டு முதலாளி கேக்கிறார். நானும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பாத்தன் மச்சான். நானூறு பெட்டியும் குறைவு எண்டு சொல்லுது. அதோட இந்தக் குப்பையும் வந்து நிக்குது."

குப்பைக்குக் காரணம் ஒரே ஒரு குறி. பாஷ் ஷெல்லில், அதாவது தட்டிய கட்டளைகளை வரி வரியாக வாசித்துச் செய்யும் மென்பொருளில், நிபந்தனை எழுதும் சதுர அடைப்புக்குள் "நம் எடை > அவர்கள் எடை" என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்தில் > என்றால் பெரிது. ஷெல்லுக்கு அது "வெளியே வருவதை இந்தப் பெயருள்ள கோப்பில் கொட்டு". அது சொன்னபடி கேட்டு, கொழும்பு எடையின் பெயரில் ஒரு கோப்பை உண்டாக்கி, கொட்ட ஒன்றும் இல்லாததால் வெறுமையாக விட்டுவிட்டது. அடைப்புக்குள் மிஞ்சியது நம் எடை மட்டும். அடைப்பு அதைப் பார்த்து "இங்கே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும். இருக்கிறது. எனவே எல்லாப் பெட்டிக்கும் ஆம் என்றே பதில்.

இரட்டைச் சதுர அடைப்பு போட்டால் கோப்பு உண்டாகாது. > அங்கே ஒப்பீடுதான். ஆனால் அது எழுத்து ஒப்பீடு. 9 பெரிதா 10 பெரிதா என்று கேட்டால் 9 என்று சொல்லும். பிழை என்று சொல்ல முடியாது. உரைக் கோப்பில் எண் என்று ஒன்றே கிடையாது, எண் வடிவில் எழுத்துகள்தான் இருக்கின்றன. எழுத்துக்கு ஒரு குறியெண் என்று வகுத்த ஆஸ்கி அட்டவணையில் 0 என்ற எழுத்துக்குக் குறியெண் 48, 1 என்பதற்கு 49, 9 என்பதற்கு 57. அகராதியில் சொல் தேடுவதுபோல இடப்பக்கத்திலிருந்து ஓரெழுத்தாகப் பார்த்துக்கொண்டு போகையில், 57க்கும் 49க்கும் நடக்கும் முதல் மோதலிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. பின்னால் நிற்கும் சுழியத்தை யாரும் கேட்பதில்லை.

எண்ணாகவே ஒப்பிடப் பாஷில் வேறு குறிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு முழு எண் மட்டும்தான் தெரியும். 12.50 என்று கொடுத்தால் முழு எண் வேண்டுமென்று முறைப்பட்டு நின்றுவிடும். இதில் இன்னொரு கூத்து: பாஷின் கணக்கில் சுழியத்தில் தொடங்கும் எண், எட்டை அடியாகக் கொண்ட எண். எட்டடியில் 8 என்ற இலக்கமே இல்லாததால், பெட்டி இலக்கத்தை 08 என்று எழுதினால் அதுவும் பிழை. ஆக, தசமத்தில் கிடக்கும் எடைகளைப் பாஷ் மட்டும் வைத்து ஒப்பிடப் பார்ப்பது வீண் வேலை.

சரி, அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது இரண்டு கோப்பை ஒப்பிடும் டிஃப் கட்டளை. 1974இல் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு வந்த பழைய கருவி, டக்ளஸ் மக்கில்ராயின் கைவேலை. இரண்டு கோப்புக்கும் பொதுவாக, அதே ஒழுங்கில் வரும் மிக நீண்ட வரித் தொடரைக் கண்டுபிடித்து, மீதியை வித்தியாசம் என்று காட்டும். கட்டுரையின் இரண்டு பிரதிகளை ஒப்பிட அதைவிட நல்லது இல்லை. மீன் கணக்குக்கு உதவாது. 12.5உம் 12.50உம் அதற்கு வேறு வேறு. வரி ஒழுங்கு மாறினாலும் வித்தியாசம். எங்கள் கோப்புகளுக்கு அது எல்லா வரியும் வேறு என்றது; கண்ணால் பார்த்தால் ஒரே மாதிரி இருந்த வரிகளைக்கூட. கொழும்புக் கோப்பு விண்டோஸில் செய்தது. அங்கே ஒவ்வொரு வரியும் குறியெண் 13, குறியெண் 10 என்ற இரண்டு எழுத்துகளில் முடியும். யுனிக்ஸில் 10 மட்டும். அந்த 13 பழைய தொலைத்தட்டச்சுப் பொறியின் வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ளுவதற்காக வந்த எழுத்து. வண்டி போய்விட்டது, எழுத்து இன்னும் போகவில்லை. ஒப்பிடுமுன் அதைத் துடைத்துவிட்டோம்.

இங்கேதான் மச்சானிடம் ஒரு கேள்வி கேட்டேன். "எந்த வரியை எந்த வரியோட ஒப்பிடப் போறாய்?" முதல் வரியோடு முதல் வரி என்றான். கொழும்பில் லொறியின் பின்பக்கத்திலிருந்து இறக்கி நிறுக்கிறார்கள். கடைசியில் ஏற்றியதுதான் அங்கே முதலில் தராசுக்குப் போகும். இலக்கங்களைக் கழிப்பது சின்ன வேலை. ஜோடி சேர்ப்பதில்தான் பாடு எல்லாம்.

ஜோடி சேர்க்க ஜாயின் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் இரண்டு கோப்பும் பெட்டி இலக்கப்படி முன்கூட்டியே அடுக்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் எழுத்து ஒழுங்கில். 9க்கு முன்னால் 10 வர வேண்டும். ஒழுங்காக எண் வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் கோப்பு அடுக்கப்படவில்லை என்று திட்டும். எண் வரிசைதான் அடுக்கு என்று பழகிய நமக்கு இது அநியாயமாகப் படும்.

நான் கையில் எடுத்தது ஆக் என்ற சிறு கணினி மொழி. 1977இல் பெல் ஆய்வகத்தில் ஆல்ஃப்ரெட் ஏஹோ, பீட்டர் வைன்பர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் செய்தது. மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துதான் அதன் பெயர். ஒவ்வொரு வரியாக வாசித்து, இடைவெளி கண்ட இடத்தில் வெட்டி, முதல் துண்டை $1, இரண்டாவதை $2 என்று கையில் தரும். பள்ளிக் கணிதத்தில் கிடையாகப் போவது நிரை, நிமிர்ந்து நிற்பது நிரல் என்று படித்தோமே, அந்த நிரல்தான் $2. ப்ரோகிராமுக்கும் நிரல் என்று சிலர் எழுதுவதால் இரண்டும் குழம்புகிறது, நான் இங்கே பழைய பொருளிலேயே எழுதுகிறேன்.

ஆக்கின் பலம் அதன் அணி, அதாவது பல மதிப்புகளை அறை அறையாக வைக்கும் அடுக்கு. சாதாரண அணியில் அறைகளுக்கு 1, 2, 3 என்று இலக்கம் இருக்கும். இதில் அறைக்கு எந்தச் சொல்லும் பெயராகலாம். பெரிய கோயில் வாசலில் செருப்பு வைக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் அந்த ஆள் எல்லாச் செருப்பையும் ஒவ்வொன்றாகப் பிரட்டிப் பார்ப்பதில்லை. டோக்கனைப் பார்க்கிறார், நேராக அந்தக் குழிக்குக் கை போகிறது. ஆக்கும் பெட்டி இலக்கத்தின் எழுத்துகளை ஒரு சூத்திரத்தில் போட்டு அரைத்து ஓர் அறை எண் எடுக்கிறது. தேடும்போதும் அதே அரைப்பு, அதே அறை. நம் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் கொழும்புக் கோப்பை மேலிருந்து தேடினால் 400ஐ 400ஆல் பெருக்கி, மோசமான நிலையில் 160,000 பார்வை. இதில் நம் கோப்பை ஒரு தடவை, கொழும்புக் கோப்பை ஒரு தடவை, மொத்தம் 800 வரி வாசித்தால் முடிந்தது.

முதல் கோப்பு எது, இரண்டாவது எது என்று ஆக் எப்படி அறியும்? அதனிடம் இரண்டு எண்ணிகள் இருக்கின்றன. என்ஆர் என்பது தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே போகும். எஃப்என்ஆர் ஒவ்வொரு கோப்புத் தொடங்கும்போதும் 1க்குத் திரும்பும். இரண்டும் சமமாக இருக்கும் வரைக்கும் முதல் கோப்புத்தான். அப்போது எடையை அணியில் போட்டு வை. சமம் குலைந்ததும் இரண்டாவது கோப்பு. அப்போது அணியில் உள்ளதை எடுத்துக் கழி. முழு ஸ்கிரிப்டும் இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். ஒரு ஓட்டை மட்டும்: முதல் கோப்பு வெறுமையாக இருந்தால் இரண்டாவது கோப்பிலும் இரு எண்ணிகளும் சமமாகவே ஓடும். பிழைச் செய்தியும் வராது, விடையும் வராது.

ஓட்டிப் பார்த்தோம். பெட்டி 100க்குக் கீழே ஒன்றும் பொருந்தவில்லை. நாங்கள் 7 என்று எழுதியதைக் கொழும்பில் 007 என்று எழுதியிருந்தார்கள். எண்ணாக இரண்டும் ஒன்று, ஆனால் அணியின் அறைப் பெயர் எழுத்துதானே. இதற்கு ஆக்கில் பழைய வைத்தியம் உண்டு: அதோடு 0ஐக் கூட்டு. 007 உடனே 7 ஆகிவிடும். ஆனால் எல்லா நோய்க்கும் அது மருந்தில்லை. விலைக் கோப்பில் 1,250 என்று காற்புள்ளி போட்டு எழுதியிருந்தால், 0 கூட்டியதும் அது 1 ஆகும். காற்புள்ளியைக் கண்டதும் எண் முடிந்தது என்று ஆக் நினைத்துக்கொள்ளும். ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் மீன் ஒரு ரூபாய்க்கு விற்ற கணக்கு வரும். காற்புள்ளியை முதலில் எடுத்துவிட்டுத்தான் 0ஐக் கூட்ட வேண்டும்.

எடை குறைவது இயல்பு. வழியெல்லாம் நீர் வடியும், தராசுக்குத் தராசு வித்தியாசம் இருக்கும். எனவே 0.1 கிலோ அல்லது அதற்கு மேல் குறைந்தால் மட்டும் காட்டு என்று எல்லை வைத்தோம். ஒரு பெட்டி இங்கே 12.60, அங்கே 12.50. சரியாக 0.1. காட்டவில்லை. வித்தியாசத்தை அச்சடிக்கச் சொன்னேன்: 0.1. மச்சான் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

கணினி எண்ணை இரண்டின் பகுதிகளாக வைத்திருக்கிறது. 12.50 அதற்கு இலகு: எட்டு, நாலு, அரை. 12.60இன் கடைசி 0.6க்கு அரை, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று, 256இல் ஒன்று, 512இல் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போகலாம், ஒருநாளும் தீராது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் போனால் 0.333 என்று ஓடுகிறதே, அதேபோல. 0 அல்லது 1 நிற்கும் ஓரிடம் ஒரு பிட். ஓர் எண்ணுக்கு 64 பிட் இடம், இலக்கத் துல்லியம் 53 பிட். 1985இல் வந்த, ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் 754ஆம் இலக்கத் தரம் வகுத்த கணக்கு அது. ஐம்பத்து மூன்றில் வெட்டியதும் 12.60 ஒரு மயிரிழை குறைந்துவிடுகிறது. அதிலிருந்து 12.50ஐக் கழித்தால் உண்மையில் கிடைப்பது 0.09999999999999964. ஆக் அச்சடிக்கும்போது ஆறு இலக்கத்துக்கு மட்டம் தட்டிவிடுவதால் நாம் பார்ப்பது 0.1. ஒப்பிடும்போது மட்டம் தட்டுவதில்லை.

தீர்வை மீன் சந்தைக்காரர் எவரும் சொல்லிவிடுவார்: கிராமில் பேசு. 1000ஆல் பெருக்கி, 0.5 கூட்டி, தசமத்தை வெட்டு. 12600, 12500, வித்தியாசம் 100. முழு எண்கள் இந்த அளவில் பிசகாது. அந்த 0.5 இல்லாமல் வெட்டினால் வேறு வினை வரும். 4.35ஐ 100ஆல் பெருக்கி அப்படியே வெட்டிப் பாருங்கள், 434 வரும்.

மறுபடி ஓட்டியதில் குறைந்த பெட்டிகள் வந்தன. ஜோடி இல்லாத பெட்டிகளையும் எடை கூடிய பெட்டிகளையும் கேட்டிருந்தேன். பொருந்தியதை அணியிலிருந்து நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சுவது கொழும்புக்குப் போய்ச் சேராத பெட்டி. அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் கொழும்பில் பெட்டி 112 இருந்தது, எங்களிடம் அப்படியொரு பெட்டியே இல்லை. அதைவிட வேடிக்கை பெட்டி 1. இங்கே 12 கிலோ, அங்கே 21.10.

"வழியில எடை கூடியிருக்கு. ஹபரணையில இறங்கிச் சாப்பிட்டிருக்கும்," என்றான் மச்சான்.

நம் கோப்பில் 112ஆம் வரிக்குப் போனோம். அங்கே இருந்தது இது:

1 12 8.45

ஒரு இடைவெளி கூடிப்போயிற்று. ஆக் வழக்கம்போல இடைவெளியில் வெட்டியது. பெட்டி இலக்கம் 1, எடை 12, மீதி 8.45ஐ யாரும் கேட்கவில்லை. அணியில் ஓர் அறைக்கு ஒரு பொருள்தான். முதல் வரியில் வந்த பெட்டி 1இன் உண்மையான எடை 21.30ஐத் தள்ளிவிட்டு 12 அங்கே குந்திக்கொண்டது. எண்ணும் எண் போலவே இருந்ததால் எந்த முறைப்பாடும் எழவில்லை. ஒரு வரியில் இரண்டு துண்டுக்கு மேல் இருந்தால் கத்து, ஒரே பெட்டி இலக்கம் இரண்டு தரம் வந்தால் கத்து என்று ஸ்கிரிப்டின் தலையில் இரண்டு நிபந்தனை சேர்த்தோம். மச்சான் அந்த இடைவெளியை அழித்தான். பெட்டி 112 ஐம்பது கிராம்தான் குறைந்திருந்தது, எல்லைக்குள். பெட்டி 1 பட்டியலில் ஏறியது, 200 கிராம் குறைவு என்று.