கடலடி ஒலிக் கணிப்பில் வெள்ளையாக விடுபடும் இடங்கள்

மதிப்பீட்டுக்கென வரும் கடலடி இரைச்சல் அறிக்கைகளில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிச் சலித்துவிட்டதால் இதை எழுத வேண்டியதாயிற்று. அண்மையில் வந்த அறிக்கையில் கடலின் ஆழம் 40 மீட்டர். ஒலிமூலம் நீர்ப்பரப்பில் செல்லும் கப்பல். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒலி செல்லும் பாதைகளைக் கதிர்களாகக் கணக்கிடும் பெல்ஹாப் மென்பொருளில் கதிர்களை வரைந்து, கோடு எதுவும் விழாமல் வெள்ளையாக விடுபட்ட பகுதியை ‘இரைச்சலற்ற பகுதி’ என்று பச்சை வண்ணம் தீட்டி அனுப்பியிருந்தார்கள்.

அலைநீளம் மிகச் சிறியது என்று வைத்துக்கொண்டு அலைச் சமன்பாட்டைச் சுருக்கும்போது கிடைக்கும் கணக்கு வசதிக்குத்தான் கதிர் என்று பெயர். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்வதால், 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் 30 மீட்டர் ஆகிறது. 40 மீட்டர் ஆழமே உள்ள கடலில் அத்தகைய அலையைத் தலைமயிர் போன்ற கோடுகளாக வரைந்து என்ன பயன்? கதிர் புகாத நிழல் பகுதிக்குள்ளும் விளிம்பு விளைவாலும் (அலை தடையின் ஓரத்தைச் சுற்றி வளைந்து பரவுவது), அலையாடும் மேற்பரப்பின் சிதறலாலும் ஒலி கசிந்துகொண்டுதான் இருக்கும். விளிம்பு விளைவால் வரும் கசிவு அதிர்வெண் குறையக் குறையக் கூடும். இதே குறையின் மறுபக்கமாக, கதிர்கள் நெருங்கிக் குவியும் இடத்தில் எளிய கதிர்க் கணக்கு முடிவிலி அழுத்தத்தைக் காட்டும். அந்த முடிவிலியை எவரும் நம்புவதில்லை. வெள்ளைப் பகுதியின் பூஜ்யத்தை மட்டும் ஏனோ நம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு கதிரையும் ஓரம் மங்கிய அகலமான கற்றையாகக் கொள்ளும் காஸியன் கற்றை முறை இரண்டையும் ஓரளவு மட்டுப்படுத்துமே தவிர, 50 ஹெர்ட்ஸில் கைகொடுக்காது.

போதாக்குறைக்கு, கடல்தரையைத் தொட்ட கதிர்களை அங்கேயே நிறுத்திவிடும்படி அமைத்திருந்தது, உள்ளீட்டுக் கோப்பைத் திறந்த பிறகே தெரிந்தது. மணல் தரையை உரசுவதுபோல் மிகத் தாழ்ந்த கோணத்தில் மோதும் ஒலியின் பெரும்பகுதி மீண்டும் மேலே வரும். அதையும் சேர்த்திருந்தால் அந்த வெள்ளைப் பகுதியில் பாதிகூட மிஞ்சியிருக்காது.

15000-ஐ மீட்டர் கணக்கிலான ஆழத்தால் வகுங்கள். கிடைக்கும் ஹெர்ட்ஸுக்குக் கீழே கதிர் முறையை நாடாதீர்கள். 40 மீட்டருக்கு அது 375. அதற்குக் கீழே, ஒலியைக் கதிராக அல்லாமல் அலையாகவே கணக்கிடும் கிராக்கன், ராம் போன்ற நிரல்கள் இருக்கின்றன.

ஒலிவேகத்துக்கு ஆண்டுச் சராசரியை இடாதீர்கள். வங்கக் கடலின் வடபகுதியில் ஆற்று நன்னீர் மேலே படர்ந்திருப்பதால், குளிர்காலத்தில் மேல்நீர் தனக்குக் கீழுள்ள நீரைவிடக் குளிர்ந்திருப்பதுண்டு. அப்போது ஒலி, தன் வேகம் குறைவாக இருக்கும் மேல்நீரின் பக்கம் வளைந்து பரப்பை ஒட்டியே ஓடும். சராசரியில் இது காணாமல் போய்விடும். வெவ்வேறு ஆழங்களில் எடுத்த ஒலிவேக அளவீட்டுப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் ஒவ்வொரு முறிவிலும் பொய்க் குவியங்கள் தோன்றும். வளைகோட்டால் இணைத்தால் கடலில் இல்லாத மேடுபள்ளங்கள் முளைக்கக்கூடும். கதிர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் முதல் விடை செல்லாது.

தயவுசெய்து அறிக்கையோடு உள்ளீட்டுக் கோப்பையும் இணைத்து அனுப்புங்கள். வண்ணப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்களால் எதையும் சரிபார்க்க இயலாது.