அவார்டு, விருது, எட்டிப்பூ: ஒரு சொல் விளக்கம்

பெரம்பூர், ராயபுரம் பக்கம் மில்லிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் 'அவார்டு' என்று சொல்லிப் பாருங்கள். மேடையும் பொன்னாடையும் அவர் நினைவுக்கு முதலில் வராது. "எந்த அவார்டு? போனஸ் கேஸா?" என்பார். சம்பளம், போனஸ், வேலைநீக்கம் பற்றித் தொழில் தீர்ப்பாயம் சொல்லும் முடிவுக்கு அவார்டு என்றுதான் பெயர். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் அந்தச் சொல்லை அப்படித்தான் வரையறுத்தது. அவருடைய பேத்திக்கோ அவார்டு என்றால் பள்ளி ஆண்டு விழாவில் கையில் கொடுக்கும் கோப்பை. சமுதாய, பொருளாதார மேம்பாட்டுப் பணியில் சிறந்தவர்களுக்குக் கொடுக்கும் அவார்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு. அதற்கு முன் இந்தச் சொற்களைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வங்கிகளில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே 'அவார்டு ஸ்டாஃப்' என்று ஒரு பிரிவு உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், இவர்கள் எல்லாம் எதற்கோ விருது வாங்கியவர்கள் போல என்று மரியாதையோடு பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 1953-இல் சாஸ்திரி அவார்டு, 1962-இல் தேசாய் அவார்டு என்று இரண்டு தீர்ப்பாய முடிவுகள் வந்தன. அவற்றின்படி சம்பளமும் பணி நிபந்தனையும் வகுக்கப்பட்ட எழுத்தர்களும் கடைநிலை ஊழியர்களும்தான் அவார்டு ஸ்டாஃப். அதிகாரிகள் அதில் சேரமாட்டார்கள்.

தீர்ப்புக்கும் கோப்பைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? வேரைப் பார்த்தால் தெரியும். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் நார்மன் பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கே அதன் பொருள் 'கவனித்துப் பார்த்து முடிவு சொல்லுதல்'. அதற்கும் அடியில் இருப்பது காவல் காத்தல், கண் வைத்திருத்தல் என்ற பொருள் கொண்ட ஜெர்மானிய வேர். நம்ம ஊர் மாநகராட்சி வார்டு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வார்டு, ஹாஸ்டல் வார்டன், ரயில் கார்டு எல்லாம் அதே வேரில் கிளைத்த பங்காளிகள்தான். ஆக, அவார்டு என்பது முதலில் ஒரு பொருளே அல்ல, ஒரு செயல். பார்க்கிறோம், எடைபோடுகிறோம், சொல்கிறோம். அப்படிச் சொல்லிக் கொடுத்த பொருளுக்கும் அந்தப் பெயர் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது.

மெட்ரோவுக்கோ சாலையை அகலப்படுத்தவோ நிலம் எடுக்கும்போது இழப்பீட்டை முடிவு செய்து போடும் ஆணைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். வருவாய்த் துறைத் தமிழில் அதற்குத் 'தீர்வம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. வீட்டை இழந்தவரிடம் போய் உங்களுக்கு விருது வந்திருக்கிறது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கணினி மொழிபெயர்ப்பு சொல்லும். அதைப் பார்க்காமல் அப்படியே ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, விருதுக்கு வருவோம். தமிழில் இதன் பழைய பொருள் பட்டப்பெயர், வெற்றிச் சின்னம், கொடி. ஒரு வீரனுக்கோ அரசனுக்கோ முன்னால் தூக்கிக்கொண்டு போவது. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'பிருது' என்று வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி இதை வடமொழியின் 'பிருத' என்பதோடு சேர்க்கிறது. அந்த வடமொழிச் சொல்லே தெற்கிலிருந்து போனது என்று சொல்பவர்களும் உண்டு. பல்லவர், சாளுக்கியர் கல்வெட்டுகளில் அரசர்களின் பட்டப்பெயர்கள் வரிசை வரிசையாக வருவதைப் பார்த்தால் இரண்டாவது கட்சிக்கு என் ஓட்டு விழும். முதலாம் மகேந்திரவர்மன் ஒருவனுக்கே விசித்திரசித்தன், மத்தவிலாசன், சித்திரகாரப்புலி என்று எத்தனை! தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொள்வது நேற்று பிளெக்ஸ் பேனரோடு பிறந்த வழக்கம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

விருதுநகரின் பெயரும் இதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். விருதுகளைத் தாங்கி வந்து 'என்னை எதிர்ப்பார் உண்டா' என்று கேட்ட ஒரு வீரனை உள்ளூர்க்காரர் ஒருவர் வெட்டி வீழ்த்தி விருதுகளைக் கைப்பற்றினாராம். அதனால் 'விருதுகள்வெட்டி' என்ற பெயர் ஊருக்கு வந்து, விருதுப்பட்டியாகத் தேய்ந்து, 1923-இல் விருதுநகர் ஆனது என்பது அந்த ஊர்க் கதை. கதை உண்மையோ பொய்யோ, விருது என்றால் ஊருக்குத் தெரியத் தூக்கிப் பிடிக்கும் அடையாளம் என்ற எண்ணம் அதில் பளிச்சென்று இருக்கிறது.

இங்கேதான் இரண்டு சொல்லும் பிரிகின்றன. அவார்டின் அடியில் இருப்பது ஆய்வு. விருதின் அடியில் இருப்பது காட்சி. இன்று நாம் முதலாவதற்கு இரண்டாவதை நேர்ச்சொல்லாக வைத்திருக்கிறோம். மொழிக்கு இதனால் நட்டமில்லை, சொற்கள் இப்படி நகர்வது வழக்கம்தான். விழா நடத்துகிறவர்கள் ஆய்வை விட்டுவிட்டுக் காட்சியை மட்டும் வைத்துக்கொள்வதுதான் என் வருத்தம். கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு ஷீல்டு என்று கொடுத்தால், அது வந்ததற்கான அடையாளம். விருது இல்லை.

தொழிலில் சிறந்தவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது தமிழுக்குப் புதிதும் அல்ல. அரசன் தரும் சிறப்புக்குத் தொல்காப்பியம் 'மாராயம்' என்று சொல்கிறது. படைத்தலைவருக்கு 'ஏனாதி' பட்டமும் மோதிரமும் கிடைத்தன. புறநானூற்றில் ஏனாதி திருக்கிள்ளி என்று ஒருவர் வருகிறார். உழுவித்துப் பயிர் பெருக்கியவர்களுக்கும் அரசு அலுவலில் இருந்தவர்களுக்கும் 'காவிதி'. வணிகருக்கு 'எட்டி'. இந்த எட்டிதான் நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது. வாணிகத்தில் சிறந்து நாட்டின் செல்வத்தை வளர்த்தவருக்கு அரசன் கொடுத்த பட்டம் அது. பட்டத்தோடு பொன்னால் செய்த எட்டிப்பூவும் கொடுப்பார்கள். எட்டிப்புரவு என்று நிலமும் உண்டு. சிலப்பதிகாரத்தில் எட்டி சாயலன் என்று ஒரு வணிகர் வருகிறார். மணிமேகலையில் 'எட்டி குமரன்' வருகிறான். கசக்கும் எட்டிக்காய் நினைவுக்கு வந்தால் தள்ளி வையுங்கள், அது வேறு எட்டி.

கலைக்கும் இதே முறைதான். மாதவி அரங்கேறியபோது பெற்றது தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும். அதற்கு முன்னால் ஆடலாசிரியர், இசையாசிரியர், தண்ணுமை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும், அரங்கு எத்தனை கோல் நீள அகலம் இருக்க வேண்டும் என்பது வரை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிவிடுகிறார். பட்டம் கடைசியில்தான் வருகிறது. எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக 'சாதனையாளர்' என்று ஒரு சொல்லை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். எந்த வேலையோ அந்த வேலைக்கு ஒரு பெயர் இருந்தது. சாதனை என்பதே இப்போது தேய்ந்துபோன சொல்; 'மாமியார் மூணு நாளாச் சாதிக்கிறாங்க' என்று வீட்டில் பேசும்போதுதான் அதில் கொஞ்சம் காரம் மிச்சமிருக்கிறது.

இன்றைய தமிழ்நாட்டில் எட்டிப்பட்டத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது எது என்று கேட்டால் மணிமேகலை விருதைச் சொல்வேன். சிறந்த மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் அவற்றின் கூட்டமைப்புகளுக்கும் அரசு தருவது அது. 1983-இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதைக் கவனிக்கிறது. பெயர்ப் பொருத்தம் அருமை. அமுதசுரபியால் பசி தீர்த்ததோடு நில்லாமல், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றவும் வைத்தவள் மணிமேகலை.

குழுக்கள் நல்ல உதாரணம் ஆவதற்கு வேறு காரணமும் உண்டு. கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு குழுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், பாய்க்கு நடுவே நோட்டுகள் அடுக்கியிருக்கும். தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேடு, ரொக்கப் புத்தகம். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்தத் தேவைக்குக் கடன், எத்தனை தவணை திரும்பியது என்று எல்லாம் மையில் இருக்கும். இட்லிக் கடைக்கு கிரைண்டர் வாங்கியவர், கருவாட்டுக்கு முதல் போட்டவர் என்று வரிக்கு வரி ஒரு பிழைப்பு. பொருளாதார மேம்பாடு என்று பெரிய வார்த்தையில் சொல்வது கிட்டத்தில் பார்த்தால் இதுதான். வங்கிக் கடனுக்கு முன்னால் நடக்கும் தரமதிப்பீட்டிலும் இந்த நோட்டுகளைத்தான் புரட்டுகிறார்கள். புரட்டிப் பார்த்துச் சொல்லும் முடிவு என்பதால், பழைய அவார்டின் பொருள் இங்கே சரியாக உட்காருகிறது.

இந்தப் பகுதியில் ஒரு குழுவின் ஊக்குநராக இருக்கும் அக்கா ஒருவர் தனக்கு உள்ளூர் விழாவில் கிடைத்த கேடயத்தைக் காட்டினார். அதில் 'சிறந்த குழு விருந்து' என்று அச்சாகியிருந்தது. ஒரு மெய்யெழுத்து கூடுதல். "பாக்குறவன்லாம் இன்னா சாப்பாடு போட்டாங்கனு கேக்குறான்பா" என்று சிரித்தார். கொடுத்தவர்கள் ஒரு தடவை கூடப் படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் அவருக்கு உறுத்தல்.

குழுவுக்காவது விருது உண்டு. தெருத் தெருவாக நடந்து குழு சேர்த்து, வங்கி மேலாளரிடம் பேசி, சண்டை வந்தால் தீர்த்துவைத்த சமுதாய அமைப்பாளரின் பெயர் நன்றியுரையில் வந்தால் உண்டு. சமுதாயப் பணியை ஒரு தொழிலாகச் செய்கிறவர்களை, அந்தத் தொழிலுக்காகவே மதிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு; 'சேவை' என்று சொல்லிச் சம்பளப் பேச்சையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் 2001-இல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவான பன்னாட்டுப் பொருளாதார மேம்பாட்டு மன்றம், பொருளாதார மேம்பாட்டைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தருகிறது, விருதும் தனியாகத் தருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேலை தெரியும் என்று சொல்வது சான்று. வேலை நடந்தது என்று சொல்வது விருது.

'வளர்ச்சி'யா 'மேம்பாடா' என்ற கேள்வியும் இருக்கிறது. 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைத்தது வட சென்னை வளர்ச்சித் திட்டம். 1970-இல் பிறந்த குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் வைத்த புதுப் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டெவலப்மென்ட்' என்ற ஒரே சொல். ஆனால் பொருளாதாரச் செய்திகளில் உற்பத்தி பெருகுவதையும் வளர்ச்சி என்றே எழுதுவதால், பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. மணலிக்கு 1960-களின் கடைசியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1970-களின் தொடக்கத்தில் உர ஆலையும் வந்தது வளர்ச்சி. அந்த ஊர்க்காரருக்கு அதில் வேலை கிடைத்ததா, மூச்சுவிட நல்ல காற்று மிஞ்சியதா என்று கேட்டால் அது மேம்பாட்டுக் கணக்கு. இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை.

எழுதும்போது இப்படி வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பாயமும் நில எடுப்பும் தருவது தீர்வம். போட்டியில் வென்றால் பரிசு. கையில் கொடுப்பது கேடயம் அல்லது கோப்பை. பேச்சில் ஷீல்டு என்றாலும் குடி முழுகிவிடாது. பார்த்து, எடைபோட்டு, செய்த வேலைக்காகக் கொடுப்பது விருது; பெறுகிறவர் விருதாளர். 'அங்கீகாரம்' என்பது வடசொல், 'தன் அங்கமாக ஆக்கிக்கொள்ளுதல்' என்று பொருள். பள்ளிக்கும் மனைப்பிரிவுக்கும் அதுவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆளைக் குறிக்கும்போது மதிப்பளித்தல், ஏற்பு என்பவை போதும். பத்திரத்தில் முழுப் பெயர் வேண்டும் என்பவர்கள் 'சமுதாய, பொருளாதார மேம்பாட்டுப் பணி விருது' என்று போடலாம். நீளம்தான். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒருவர் உரக்கப் படித்துப் பார்த்துவிட்டால் விருந்தாகாமல் தப்பிக்கும்.