செயலி மாறியது, உங்கள் ஜெர்மன் எங்கேயும் போகவில்லை

இந்த மாதமும் அதே கதை. உசிலம்பட்டியிலிருந்து வரும் மாணவி ஒருவர், தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டே ஜெர்மன் மொழியின் பி1 (இடைநிலை) தேர்வுக்குப் படிப்பவர், சில வாரங்களாக ஜெர்மன் பக்கமே போகவில்லை. என்னம்மா ஆச்சு என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "ஆப் அப்டேட் ஆயிருச்சு மேடம். நான் என்னத்தையோ அமுக்கிட்டேன் போல. எதுல விட்டேன், எதுல தொடங்கணும்னே தெரியல. எல்லாம் போச்சு."

எதுவும் போகவில்லை. அவர் எதையும் தப்பாக அமுக்கவும் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

மதுரையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் செவிலியர்கள். மற்றவர்கள், கணவர் ஜெர்மனியில் வேலை பார்க்க, விசாவுக்கு ஏ1 (தொடக்கநிலை) சான்றிதழ் வேண்டும் என்பதற்காகப் படிக்கும் பெண்கள். எல்லோர் போனிலும் ஏதாவது ஒரு மொழிச் செயலி இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் நேரத்தில் பத்து வார்த்தை படிக்க அது நல்ல துணை. வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் "நான் அமுக்கிட்டேன்" என்ற இந்த எண்ணத்தை முதலில் தூக்கி எறியுங்கள். திரையின் அமைப்பை மாற்றுவது நிறுவனம், தெரிந்தே மாற்றுகிறது. புதிய திரையை எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதும் அபூர்வம். முதலில் ஒரு பகுதிப் பயனர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். அவர்கள் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள், எத்தனை பேர் பணம் கட்டுகிறார்கள், எத்தனை பேர் விட்டுப்போகிறார்கள் என்று பார்ப்பார்கள். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. அதனால்தான் ஒரே ஹாஸ்டல் அறையில், ஒரே மாடல் போன் வைத்திருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரிகிறது. ஒருத்திக்குப் பழைய பாடப் பட்டியல் அப்படியே இருக்கிறது, இன்னொருத்திக்கு ஒற்றைச் சரமாக வட்டம் வட்டமாக வருகிறது. "அவளுக்கு நல்லாத்தானே இருக்கு, அப்ப நான்தான் கெடுத்துட்டேன்" என்று இவள் முடிவு கட்டிவிடுகிறாள். பிளே ஸ்டோரில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வைத்தாலும் பல சமயம் பயனில்லை. மாற்றத்துக்கான சாவி உங்கள் போனில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அங்கே திருப்பினால் இங்கே மாறும். உங்கள் விரலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

ராத்திரி தனியாக நின்று ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரும் இன்ஃபியூஷன் பம்பும் பார்க்கிற பெண், ஒரு போன் செயலி முன்னால் "எனக்கு இதெல்லாம் வராது மேடம்" என்று சுருங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கோபம் நியாயமானது. அதை மறைக்கவும் வேண்டாம். டுவோலிங்கோ என்ற மொழிச் செயலி 2022-ல், கிளை கிளையாக விரிந்து, ஓரளவு நாமே பாடத்தைத் தேர்ந்தெடுக்க விட்ட பழைய மர அமைப்பை எடுத்துவிட்டு ஒற்றைப் பாதையைக் கொண்டுவந்தபோது உலகம் முழுக்கப் பயனர்கள் கொதித்தார்கள். பயனர்கள் சந்தேகம் கேட்டு, ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்ட விவாத மன்றமும் அதே ஆண்டு மூடப்பட்டது. என் மாணவிகள் பயன்படுத்தும் செயலிகளிலும் ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிறது. இலக்கணக் குறிப்பு இரண்டு தட்டல் உள்ளே ஒளிந்துகொள்கிறது. முடித்த பாடத்துக்குத் திரும்பிப்போக வழி தெரிவதில்லை. தட்டச்சு செய்யவேண்டிய இடத்தில் வார்த்தைக் கட்டைகளைத் தொட்டு அடுக்கினால் போதும் என்றாகிவிடுகிறது. டூட்டி முடிந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு கிடைப்பது இருபது நிமிடம். அதில் பாதி, பட்டனைத் தேடியே போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பழைய திரையைக் கொஞ்ச காலத்துக்காவது வைத்துக்கொள்ள ஒரு வழி விடுவது நிறுவனங்களுக்குப் பெரிய செலவு இல்லை. செய்வதில்லை, அது தவறுதான்.

அதற்காகப் படிப்பை நிறுத்துவதா? மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது, தைக்கக் கொடுத்தவர்கள் இடம் தேடி அலைந்தார்கள். தையல்காரருக்குத் தையல் மறக்கவில்லை.

அந்த உசிலம்பட்டி மாணவியிடம் போனை உள்ளே வைக்கச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தேன். "காலையில வார்டுல என்ன செஞ்சேன்னு நாலு வரி எழுதும்மா" என்றேன். கட்டு மாற்றியதைப் பற்றி எழுதினார்: இஷ் வெக்ஸ்லெ டென் ஃபெர்பாண்ட். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் டேர், டீ, தாஸ் என மூன்றில் ஒன்று வரும். 'டேர்' வரவேண்டிய சொல், செயப்படுபொருளாக வரும்போது அந்த 'டேர்' 'டென்' ஆகவேண்டும். தயங்காமல் 'டென்' போட்டார். ஏ1-இல் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் அது. எல்லாம் போச்சு என்றவர் கையில் அது பத்திரமாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிராகவும் பார்க்கிறேன். செயலியில் மளமளவென்று மேலே ஏறிய இன்னொரு மாணவிக்கு அதே தாளில் முதல் வினைச்சொல்லுக்கு மேல் ஓடவில்லை. எந்தக் கட்டை எங்கே வரும் என்பது அவர் விரலுக்குப் பழகியிருந்தது, வாக்கியம் பழகவில்லை. திரை மாறியதும் அவருக்கு வந்த கலக்கம் இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். அவருக்கும் பாதகமில்லை. தேர்வுக்கு முன்னால் தெரிந்ததே நல்லது.

செயலி காட்டும் லெவலை உங்கள் லெவல் என்று நம்பாதீர்கள். ஏ1, பி1, பி2 எல்லாம் ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட, மொழித்திறனை அளக்கும் சட்டகத்திலிருந்து வந்தவை. பேச்சு, எழுத்து இரண்டையும் சேர்த்துத்தான் அளவு. ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். எழுதும் பகுதியில் 60 நிமிடத்தில் மூன்று பணிகள். பேசும்போது எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பார். அங்கே கட்டை அடுக்க முடியாது. செவிலியராக ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, செய்யக்கூடாதவை. திரை மாறியதும் பதறிப்போய் செயலியை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். பலர் மின்னஞ்சல் கொடுக்காமல் விருந்தினராகவே உள்ளே போயிருப்பீர்கள். அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினால் புதுக் கணக்குதான் வரும், பழைய கணக்கு நிஜமாகவே போய்விடும். அப்டேட் அழிக்காததை நீங்களே அழித்துக்கொள்வீர்கள். இன்றே மின்னஞ்சலை இணைத்து, அந்தக் கடவுச்சொல்லை எழுதி வையுங்கள்.

டெலிகிராமில் யாரோ போடும் "பழைய வெர்ஷன்" ஏ.பி.கே.யை (பிளே ஸ்டோருக்கு வெளியே செயலியை ஏற்றும் கோப்பு) தயவுசெய்து தொடாதீர்கள். அதே போனில்தான் உங்கள் வங்கிச் செயலியும் இருக்கிறது, ஓ.டி.பி.யும் வருகிறது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

பணம் கட்டியவர்களுக்கு: செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். திரை எப்போது மாறும் என்றே தெரியாத செயலிக்கு ஒரு வருடச் சந்தா தேவையா என்றும் யோசியுங்கள்.

புகார் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். "வேஸ்ட் ஆப்" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. எந்தப் பாடத்தில், எந்தக் குறிப்பு காணவில்லை, அதனால் உங்களுக்கு என்ன சிரமம் என்று ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நோட்டு வாங்குங்கள். செயலியில் புதுச் சொல் வந்தால் டேர், டீ, தாஸ் எது என்பதோடு, சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்து, தேதி போட்டு எழுதுங்கள். மறுநாள், பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பாடத்தில் நிற்கிறீர்கள் என்று நோட்டு சொல்லும், யாரும் அதை ராவோடு ராவாக மாற்றமாட்டார்கள். நைட் டூட்டியில் நோட்டுக்கு நேரமில்லை என்றால் ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும் கண்ணு, அதற்கு மேல் கேட்கமாட்டேன்.

தேர்வுத் தேதி வாங்கிவிட்டவர்கள் செயலியை ஓரமாக வைத்துவிட்டு கோத்தே நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் மாதிரித் தேர்வை எடுங்கள். இலவசம்தான். கேட்கும் பயிற்சிக்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே தரும் பாடங்களும் இலவசம். எழுதும் பகுதியை மட்டும் பிரிண்ட் எடுத்து, போனில் 60 நிமிடம் அலாரம் வைத்து, வீட்டிலேயே எழுதி முடித்துவிட்டு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கட்டும், திருத்துவது என் வேலை.