நிறமில்லாததெல்லாம் தண்ணீர் இல்லை

லேபிள் ஒட்டாத ஒரு பீக்கர், அதில் நிறமில்லாத திரவம். "சார், வெறும் தண்ணிதானே?" என்று வருடத்துக்கு ஒரு மாணவராவது கேட்டுவிடுவார். ஒரு பையன் கேட்கக்கூட இல்லை, நேராக அதில் கையை அலசிவிட்டான். நல்லவேளை, அது உப்புக்கரைசல். பக்கத்து பீக்கரில் இருந்தது தோலை அரித்துவிடும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் குழப்பத்துக்கு வேர் எங்கே என்று தேடினால் விடைத்தாளில்தான் கிடைக்கிறது: "உப்பு நீரில் மறைந்துவிடும்" என்று எழுதுகிறார்கள். மறையவே இல்லை. 100 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பைப் போட்டுக் கலக்கித் தராசில் வையுங்கள், சரியாக 110 கிராம் காட்டும். ஆனால் அளவு ஜாடியில் ஊற்றினால் 103 மில்லியை ஒட்டித்தான் நிற்கும், ஏனென்றால் எடை கூடுவது போலக் கன அளவு கூட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இன்னொரு தவறு "உப்பு உருகியது" என்பது. உருகுவதற்கு அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வேண்டும் ஐயா! தண்ணீரில் நடப்பது வேறு: சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (அயனி என்றால் மின்னூட்டம் உள்ள துகள்) தனித்தனியாகப் பிரிய, ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. சர்க்கரை அப்படிப் பிரியாது, மூலக்கூறு முழுசாகவே கரையும். அதனால்தான் உப்புக்கரைசல் வழியே மின்சாரம் பாய்ந்து பல்பு எரிகிறது, சர்க்கரைக் கரைசலில் எரிவதில்லை.

அப்புறம் கரைதிறன். 25 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைத்தான் ஏற்கும், அதற்கு மேல் போட்டது அடியில் கிடக்கும். கை வலிக்கக் கலக்கினாலும் பயனில்லை, கலக்குவது வேகத்தைக் கூட்டுமே தவிர எல்லையைக் கூட்டாது. சரி, சூடாக்கினால்? கொதிநிலை வரை போனாலும் 39 கிராம்தான். பொட்டாசியம் நைட்ரேட்டின் கதையே வேறு, 20 டிகிரியில் சுமார் 32 கிராம் கரைவது 60 டிகிரியில் 110 கிராமை எட்டுகிறது. அந்தச் சூடான கரைசலை ஆற விடுங்கள், ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். நான் வகுப்பில் அதிகம் பேசாமல் இதை மட்டும் செய்து காட்டுவேன். சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) நேர்மாறு, சூட்டில் குறைவாகத்தான் கரையும். ஆக்சிஜனும் அப்படியே. தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே பாத்திரச் சுவரில் குட்டிக் குமிழிகள் ஒட்டுகின்றனவே, அது ஆவியல்ல, கரைந்திருந்த காற்று.

பால் கரைசலா என்று கேட்பவர்கள், தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்த பாலில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றையின் பாதை தெரியும். அது கூழ்மம், அதாவது கரையாமல் பரவி நிற்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் கலவை.

நான் பயப்படுவது கடைசி விஷயத்துக்குத்தான். இரண்டு திரவத்தைச் சேர்த்தால் கலவைதான் கிடைக்கும் என்று நம்பி, பிளீச்சையும் அமிலம் உள்ள கழிவறைத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றுகிறார்கள். அங்கே நடப்பது கலத்தல் அல்ல, வினை. வெளிவருவது குளோரின் வாயு. அமோனியாவோடு பிளீச்சைச் சேர்த்தாலும் குளோரமின் என்ற நச்சு வாயுதான். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட வேண்டும். மாற்றி ஊற்றினால் அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

லேபிள் இல்லாத பீக்கரைப் பார்த்தால் முகர வேண்டாம், நாக்கில் வைக்க வேண்டாம், தொட்டியில் கொட்டவும் வேண்டாம். அப்படியே விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.