எனர்ஜி டிரிங்க்: கேனில் என்ன எழுதியிருக்க வேண்டும், யாருக்கு விற்கக் கூடாது?

எனர்ஜி டிரிங்க் கேனைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கும். காஃபீன் அதிகம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதல்ல என்கிற மாதிரி. கம்பெனிக்காரர்கள் நல்ல மனதோடு தாமாகப் போட்ட வரி இல்லை அது. பல நாடுகளில் சட்டம் சொல்லித்தான் போட்டிருக்கிறார்கள். சரி, அதே கேனைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை கடையில் கேட்டால் கொடுக்கலாமா? இதற்குப் பதில் நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலான நாடுகளில் கொடுக்கலாம் என்பதுதான் பதில்.

பெற்றோர் பலர் குழம்புவது இங்கேதான். கடையில் தாராளமாகக் கிடைக்கிறது என்றால் பிள்ளைகள் குடிக்கலாம் என்றுதானே அர்த்தம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லேபிள் விதி வேறு, விற்பனை விதி வேறு. முன்னது தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தும், பின்னது கடைக்காரரை. முதலாவது மட்டும் இருக்கும் நாட்டில், பிள்ளை குடிப்பதா வேண்டாமா என்பதை வீடுதான் முடிவு செய்தாக வேண்டும்.

லேபிள் விதி என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி தெளிவானது. ஒரு லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கும் பானத்தில் காஃபீன் அதிகம் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும், அதுவும் பானத்தின் பெயர் தெரியும் அதே பக்கத்தில். கூடவே 100 மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் காஃபீன் என்ற எண்ணையும் போட வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி இது. பெயரிலேயே காபி, டீ என்று வரும் பானங்களுக்கு இது கிடையாது. ஆகவே பாட்டிலில் வரும் குளிர்ந்த காபியில் எவ்வளவு காஃபீன் இருந்தாலும் இந்த எச்சரிக்கையை அதில் தேட முடியாது.

இந்தியாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றைக் காஃபீன் கலந்த பானம் என்று தனி வகையாக வைத்திருக்கிறது. லிட்டருக்குக் குறைந்தது 145 மில்லிகிராம் காஃபீன் இருப்பவை இதில் வரும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், காஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோருக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதே 145இல் தொடங்கி, லிட்டருக்கு 320 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்கின்றன. எச்சரிக்கை வாசகமும் ஏறக்குறைய அதேதான். 2024 ஏப்ரலில் எஃப்எஸ்எஸ்ஏஐ இன்னொன்றும் செய்தது. ஆன்லைன் கடைகள் கண்ட பானத்தையெல்லாம் ஹெல்த் டிரிங்க், எனர்ஜி டிரிங்க் என்ற பிரிவுகளில் போட்டு விற்கக் கூடாது, சரியான பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று சொன்னது. நல்ல உத்தரவுதான். ஆரோக்கியம் என்ற தலைப்பின் கீழ் ஒரு பொருள் இருந்தால் அதன் லேபிளை யார் நின்று படிப்பார்கள்?

அமெரிக்காவில் நிலைமை இதைவிடத் தளர்வு. காஃபீனைச் சேர்த்திருந்தால் சேர்மானப் பட்டியலில் பெயர் வர வேண்டும், எத்தனை மில்லிகிராம் என்று சொல்வது கட்டாயமில்லை. பல நிறுவனங்கள் தாமாகச் சொல்கின்றன என்பது வேறு விஷயம்.

லிட்டர் கணக்கும் கேன் கணக்கும்

மேலே சொன்ன விதிகள் எல்லாம் லிட்டருக்கு இவ்வளவு, 100 மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்றே பேசுகின்றன. யாரும் 100 மில்லிலிட்டர் அளந்து குடிப்பதில்லை, கேனைத் திறந்தால் கேன் காலியாகும். எனவே லேபிளில் உள்ள எண்ணைக் கேனின் அளவோடு பெருக்கினால்தான் உண்மை தெரியும்.

சந்தையில் பரவலாகக் காணப்படும் அளவு 100 மில்லிலிட்டருக்கு 32 மில்லிகிராம். 250 மில்லி கேன் என்றால் 80 மில்லிகிராம், 500 மில்லி கேன் என்றால் 160. இரண்டிலும் லேபிளில் இருப்பது ஒரே 32தான். சில நாடுகளில் ஒரே கேனில் 200, 300 மில்லிகிராம் வைத்தும் விற்கிறார்கள்.

இனி அந்தப் பிள்ளையின் எடைக்கு வருவோம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன அளவுகள் இவை: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 200 மில்லிகிராம் வரை, ஒரு நாளில் 400 வரை கவலைப்பட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். கனடா இன்னும் கறார், அங்கே குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 2.5.

40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஐரோப்பியக் கணக்குப்படி ஒரு நாள் முழுவதற்கும் 120 மில்லிகிராம். ஒரு பெரிய கேன் அதைத் தாண்டிவிடுகிறது. 50 கிலோ என்றாலும் 150தான், அப்போதும் தாண்டுகிறது. சின்ன கேன் மட்டும் என்றால் எல்லைக்குள் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், எண்ணை மட்டும் பார்த்தால் இருக்கிறது. ஆனால் அன்று அந்தப் பிள்ளை வேறு எதுவும் குடிக்காமல் இருக்க வேண்டுமே. ஒரு கப் டீயில் சுமார் 50 மில்லிகிராம், ஒரு கேன் கோலாவில் சுமார் 40, சாக்லேட்டில் கொஞ்சம் என்று எல்லாம் ஒரே கணக்கில்தான் சேரும்.

குவாரானா என்று சேர்மானப் பட்டியலில் பார்த்தால் அதுவும் காஃபீன்தான், ஒரு கொடியின் விதையிலிருந்து எடுப்பது. மூலிகை என்று எழுதினாலும் உடம்புக்கு அது காஃபீனாகத்தான் போய்ச் சேருகிறது.

கனடா ஒருவர் ஒரே தடவையில் குடிக்கும் கேனில் அதிகபட்சம் 180 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. விதி எழுதுபவர்கள் யோசிக்க வேண்டிய முறை இதுதான் என்பது என் எண்ணம். கேனைப் பெரிதாக்கி விதியிலிருந்து நழுவுவதற்கு இதில் வழியில்லை.

உடம்பில் என்ன நடக்கிறது?

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். களைப்பும் தூக்கமும் வருவதில் அதற்குப் பெரிய பங்கு. அது செயல்பட வேண்டிய இடங்களில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்வதால் களைப்பு தெரிவதில்லை. களைப்பு தீரவும் இல்லை, மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். காஃபீன் இறங்கியதும் மொத்தமாக வந்து அமுக்கும். உடனே இன்னொரு கேன்.

குடித்த காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது மாறும். மாலை 5 மணிக்குப் பெரிய கேன் ஒன்றைக் குடித்துவிட்டுப் படிக்க உட்காரும் மாணவனின் உடம்பில் இரவு 10 மணிக்கு 80 மில்லிகிராம் மிச்சம் இருக்கும். படுக்கப்போகும் நேரத்தில் ஒரு சின்ன கேன் குடித்த மாதிரி. பதின்வயதில் இரவுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. படித்தது மனதில் பதிவதும் அந்தத் தூக்கத்தில்தான் என்பதால், தேர்வுக்காகக் குடிக்கும் பிள்ளைகள் தங்கள் காரியத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல், வயிற்றுப் புரட்டல் எல்லாம் அளவு கூடும்போது வருபவை. ஏற்கெனவே பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசமாகலாம். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலியும் சோர்வும் வரும். சில நாளில் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் அந்தத் தொல்லையும் குறையும்.

கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் இதயம். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுவது பெரும்பாலானவர்களுக்குத் தற்காலிகமானது. ஆனால் இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு உள்ள சிலர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 34 பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் எனர்ஜி டிரிங்க் கொடுத்து ஈசிஜி எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மறுபடி தயாராக எடுக்கும் நேரம், அதாவது க்யூடி இடைவெளி, 4 மணி நேரம் கழித்தும் நீண்டிருந்தது. நல்ல உடம்புக்கு இது சின்ன மாற்றம். ஏற்கெனவே அந்த இடைவெளி நீண்டிருப்பவருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறில் போய் முடியலாம். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, விளையாடும்போது பிள்ளை மயங்கி விழுந்திருந்தாலோ, எனர்ஜி டிரிங்க் பக்கமே போக வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை தனிக் கதை. சர்க்கரை சேர்த்த வகைகளில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 11 கிராம் என்றால் பெரிய கேனில் 55 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பே 50 கிராம்தான், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது. சர்க்கரை இல்லாத வகையில் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் காஃபீன் அதேதான். புளிப்பும் அதேதான், பல் எனாமலை அரிப்பது அந்த அமிலம்.

இந்தப் பானங்களில் சேர்க்கும் டாரின் என்ற அமினோ அமிலம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். வழக்கமாக இருக்கும் அளவில் அது கவலைக்குரியதல்ல என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இலேயே சொல்லிவிட்டது. பயம் காஃபீன் மேல் இருக்கட்டும்.

யாருக்கு விற்கக் கூடாது?

வயது வரம்பை முதலில் கொண்டுவந்த ஐரோப்பிய ஒன்றிய நாடு லிதுவேனியா. 2014 நவம்பரிலிருந்து அங்கே 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்கக் கூடாது. 2016இல் லாட்வியா பின்தொடர்ந்தது. போலந்தில் 2024 ஜனவரி 1 முதல் தடை. அங்கே லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபீனோ, அல்லது டாரினோ சேர்த்த பானம் எதுவும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கிடையாது. பள்ளிகளிலும் தானியங்கி விற்பனை இயந்திரங்களிலும் யாருக்குமே விற்கக் கூடாது. வயதில் சந்தேகம் வந்தால் கடைக்காரர் அடையாள அட்டை கேட்கலாம். தண்டனை விற்றவருக்கு, வாங்கிய பிள்ளைக்கு அல்ல. ரஷ்யாவில் 2025 மார்ச் முதல் 18 வயது வரம்பு வந்திருக்கிறது. தென் கொரியா பள்ளிக்கூடத்தை மட்டும் குறிவைத்தது. காஃபீன் அதிகமுள்ள பானங்களோடு 2018இல் காபியையும் பள்ளி வளாகத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டது.

பிரிட்டனில் 2018இல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதைத் தாமாகவே நிறுத்தின. சின்னக் கடைகளில் அது செல்லவில்லை. 2025 செப்டம்பரில் இங்கிலாந்துக்கு அதைச் சட்டமாக்கும் யோசனையை அரசு வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. தாமாகக் கட்டுப்படுத்திக்கொள்வோம் என்று தொழில்துறை சொல்வது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

அமெரிக்காவில் நாடு தழுவிய வயது வரம்பு இல்லை. ஆனால் அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, குழந்தைகளின் உணவிலும் பதின்வயதினரின் உணவிலும் எனர்ஜி டிரிங்குக்கு இடமே இல்லை என்று 2011இல் சொன்னது. மதுவில் காஃபீன் சேர்த்து டப்பாவில் விற்ற நான்கு நிறுவனங்களுக்கு 2010 நவம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. காஃபீன் சேர்ந்தால் போதை குறையாது, தள்ளாட்டமும் களைப்பும் மட்டும் சரியாகத் தெரியாது, அதனால் இன்னும் குடிப்பார்கள்.

விளையாடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வேறு, இது வேறு. அது வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்ட வந்தது, பெரும்பாலும் காஃபீன் இருக்காது. சாதாரண விளையாட்டுக்குத் தண்ணீரே போதும். இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் மாறிப்போகிறது.

விதி மீறினால், அல்லது உடம்புக்கு ஆனால்

எச்சரிக்கை வரியோ காஃபீன் அளவோ லேபிளில் இருந்தே ஆக வேண்டிய நாட்டில் அது இல்லாமல் விற்றால், வயது வரம்பு உள்ள இடத்தில் பிள்ளைக்கு விற்றால், உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம். கேனைத் தூக்கிப் போடாதீர்கள். தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி, முழு லேபிள் இவற்றைப் படம் எடுத்து, பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். இவை இல்லாத புகாரில் அதிகாரிகளால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

குடித்த பிறகு நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு, வலிப்பு, நிற்காத வாந்தி என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான், வீட்டில் படுக்க வைத்துப் பார்ப்பது கூடாது. எத்தனை கேன், எத்தனை மணிக்கு, வேறு மருந்தோ மதுவோ சேர்ந்ததா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வார்கள். அதனால் காலி கேன்களையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் கணக்குப் போட்டுக்கொள்வார்.