ஓம் சொல்லாதவனுக்கு அடி

மாரி தொடங்கினால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டு வகையான ஆட்கள் அதிகம் வருவார்கள். வயலில் பாம்பு கடித்தவர்கள், கடலில் கவிழ்ந்தவர்கள். பாம்புக்கடி பற்றி வன்னியில் எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரியும். படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கேட்டுப்பாருங்கள், "நீந்தத் தெரிஞ்சவன் தப்புவான்" என்பார்கள். முல்லைத்தீவுக் கரையோரம் பல வருடம் வேலை செய்த மருத்துவன் நான். என்னிடம் உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நீந்தாமல் இருந்தவர்கள்.

ஒரு கார்த்திகை மாதம், காலை ஒன்பது மணியிருக்கும். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் மூன்று பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். (ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) நாயாற்றுப் பக்கம் ஒரு மீனவர் வாடியிலிருந்து முதல்நாள் பின்னேரம் தொழிலுக்குப் போனவர்கள். எஞ்சின் நின்றுபோக, அலை படகைப் பக்கவாட்டில் பிடித்துப் புரட்டிவிட்டது. பத்து மணித்தியாலம் தண்ணீருக்குள். அறுபதை நெருங்கிய பெரியவர், அவருடைய மருமகன், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பொடியன் ஒருவன். பொடியனுக்கு நீச்சலே தெரியாது. கடலுக்குப் போனது அது நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ.

பெரியவருக்குச் சேலைன் போட மிஸ்ஸி (தாதி) கையை விரிக்கப் பார்த்தா. விரியவில்லை. கயிறு எப்போதோ போய்விட்டது, கை மட்டும் அதைப் பிடித்தபடியே இருந்தது. விரல் விரலாக நிமிர்த்தினோம். உள்ளங்கையின் குறுக்கே தோல் உரிந்து, தண்ணீரில் ஊறி வெளுத்து, ஒரு விரல் அகலத்துக்குக் கோடு.

மருமகன் நல்ல நீச்சல்காரன். இரவு கரை வெளிச்சம் தெரிந்திருக்கிறது. "மாமா, நான் நீந்திப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று வெளிக்கிட்டிருக்கிறான். பெரியவர் விடவில்லை. "என்ர மகளுக்கு நான் என்ன பதில் சொல்றது? பிடிச்சுக்கொண்டு கிட." அதோடு பேச்சு முடிந்தது. பொடியனின் நெஞ்சுக்குக் கீழே வெறும் மண்ணெண்ணெய்க் கான் ஒன்றைக் கொடுத்து, நங்கூரக் கயிற்றால் படகோடு சேர்த்துக் கட்டினார். பிறகு கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டால் "ஓம்" சொல்லவேண்டும். சொல்லாதவனுக்குக் கன்னத்தில் அடி.

பொடியன் ஆறேழு அடி வாங்கியிருக்கிறான். "கோபம் வரேல்லையா?" என்று கேட்டேன். "இல்லை டொக்டர், ஆர் அடிக்கிறதெண்டே விளங்கேல்ல."

அந்தப் பதில்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. எங்கள் கடல் வெதுவெதுப்பானது, இங்கே யாரும் குளிரில் சாகமாட்டார்கள் என்று நாங்களே நினைத்துக்கொள்கிறோம். உடம்பின் சூடு 37 பாகை, கடல் 28 பாகை அளவில். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்திக்கொண்டு போய்விடும். அதன் மேல் வாடைக்காற்றும் மழையும். முதலில் விரல்கள் சொல் கேட்காது, பிறகு புத்தி தடுமாறும். புத்தி தடுமாறியவனுக்குத் தான் தடுமாறுவது தெரியாது, அவன் சும்மா கையை விட்டுவிடுவான். அன்று பொடியனின் உடல் வெப்பநிலை 34 பாகைக்குக் கீழே இருந்தது. நீந்தினால் சூடு பிறக்கும் என்பது ஒரு மயக்கம். கையையும் காலையும் அடிக்க அடிக்கச் சூடு இன்னும் வேகமாக வெளியேறும். புரண்ட படகின் முதுகில் ஏற முடிந்தால் ஏறவேண்டும். முடியாவிட்டால் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, ஆளோடு ஆள் ஒட்டிக் கிடக்கவேண்டும். பெரியவருக்கு இந்த விஞ்ஞானம் ஒன்றும் தெரியாது. செய்ததெல்லாம் சரி.

அந்த வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தண்ணீர் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பவனுக்கு இரவில் தூரம் பிடிபடாது. கிட்டத்தான் என்று தோன்றும். மாரியில் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும், நேரே நீந்துகிறவன் நேரே போய்ச்சேர மாட்டான். தேடி வருகிறவர்களுக்கும் புரண்ட படகு ஒன்று கண்ணில் படும், அலைக்குள் ஒரு தலை மிதக்கும் தேங்காய்க்குச் சமம். பிளாஸ்டிக் படகு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் அடியோடு தாழாது. அதை விட்டுப் போகாமல் இருப்பதற்குத்தான் துணிவு வேண்டும். இந்த மூவருக்கு முன்னர் வேறொரு படகில் ஒருவன் வெளிச்சத்தை நோக்கி நீந்தினான். படகைப் பிடித்திருந்த இருவரும் மறுநாள் கொக்கிளாய்ப் பக்கம் கரையேறினார்கள். அவனுடைய தாய் கனகாலம் எங்கள் பிரேத அறை வாசலுக்கு வந்து போனா.

சொல் கேட்டதால் பிழைத்தவர்களின் கதைகளில் பழையது ஒன்று உண்டு. 1852 பெப்ரவரி 26 அதிகாலை, பிரித்தானியப் படைக்கப்பல் பேர்க்கன்ஹெட் தென்னாபிரிக்கக் கரையோரம் பாறையில் மோதியது. நீந்தத் தெரிந்தவர்கள் குதித்து மீட்புப் படகுகளுக்குப் போகலாம் என்று கப்டன் சொன்னார். அப்படிப் போனால் பெண்களும் பிள்ளைகளும் ஏறிய படகு கவிழ்ந்துவிடும், நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்றார் படைத்தளபதி. பெரும்பாலானோர் நின்றார்கள். பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் தப்பினார்கள். 600க்கும் மேற்பட்டோர் இருந்த அந்தக் கப்பலில் பிழைத்தவர்கள் இருநூறு பேர் கூட இல்லை.

ஆனால் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையோடு நான் நிறுத்துவதில்லை. 2014 ஏப்ரல் 16இல் தென்கொரியாவின் செவோல் கப்பல் சாய்ந்தபோது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று திரும்பத் திரும்ப ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் சொல் கேட்டு இருந்தார்கள். 304 பேர் இறந்தார்கள். கப்டன் முதலில் வெளியேறியவர்களில் ஒருவர். இரண்டு கப்பலிலும் சனம் சொல் கேட்டது. பேர்க்கன்ஹெட்டில் நில்லுங்கள் என்றவரும் அவர்களோடு நின்றார், அங்கேயே இறந்தார். செவோலில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆளே இருக்கவில்லை.

இதைச் சொன்னதும் வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்பார்: "அப்ப சம்மாட்டி?" சம்மாட்டி என்றால் படகு முதலாளி. நியாயமான கேள்வி. வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்த நாளிலும், முற்பணம் வாங்கிய கடனுக்காகப் படகை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கரையில் குடையோடு நின்று "போ" என்று சொல்பவரும் ஒரு கப்டன்தான். பொடியனிடம் மட்டும் ஒழுக்கம் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

மீட்கிறவர்களுக்குச் சில விஷயம். கனநேரம் தண்ணீரில் கிடந்தவரை எழுப்பி நிற்கவைத்து நடத்தாதீர்கள். இரத்த அழுத்தம் சட்டென்று விழும், காப்பாற்றிய பிறகு சாவது அப்படித்தான். கூடியவரை கிடையாகத் தூக்குங்கள். ஈர உடுப்பைக் கழற்றிப் போர்த்துங்கள். சாராயம் வேண்டாம், கைகால் தேய்ப்பதும் வேண்டாம். மூச்சில்லாதவரின் வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுக்கும் வேலை இன்னும் நடக்கிறது, தலைகீழாகப் பிடிப்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் செய்யவேண்டியது வாயோடு வாய் வைத்து ஐந்து மூச்சு, பிறகு 30 தரம் நெஞ்சமுக்கம், 2 மூச்சு என்று விடாமல் தொடர்வது. ஒருவர் அதைச் செய்ய மற்றவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கலாம். தண்ணீர் குடித்தவர் "சுகமாயிருக்கு" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், சில மணித்தியாலம் கழித்தும் மூச்சு முட்டலாம்.

பல நாள் கடலில் கிடந்தவர்கள் வேறு. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கடலில் ஒதுங்கியபோது, எங்கள் சனம் கையில் கிடைத்த சாப்பாட்டையும் தண்ணீரையும் கொண்டு ஓடியது. அந்த ஓட்டத்தைப் பற்றி நான் பெருமைப்படுகிறேன். மருத்துவனாக ஒன்று மட்டும்: கனநாள் பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகச் சோறு ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும்.

தை முடியும்போது ஒருநாள் அந்த வாடிக்குப் போனேன். உயிர்காப்பு அங்கி பல வாடிகளில் தலையணையாகத்தான் கிடக்கும். இங்கே மூன்றும் கம்பில் தொங்கின, இரண்டில் உப்புப் படிந்திருந்தது.

"போடுறியளோ?" என்று கேட்டேன்.

"பொடியன் போடுறான். மருமகன்தான் வெக்கப்படுறான்" என்றார் பெரியவர்.

"நீங்கள்?"

தோளைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "நான் போடாட்டி அவன் போடமாட்டான் டொக்டர். சனியன், கக்கத்துக்க உரஞ்சுது."